மேஸ்திரி ராஜ்யம்

மெட்ராஸ் கட்டடங்களின் கதையை எழுதுகிறவர்கள் ஆர்க்கிடெக்ட் பெயரில் தொடங்குவார்கள். உயர் நீதிமன்றம், கன்னிமரா நூலகம் என்றால் ஹென்றி இர்வின். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் அடுத்த படிக்கு இறங்கி, காண்ட்ராக்டர் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டியைச் சொல்வார்கள். அவர் சாதாரண ஆள் இல்லை. சேத்துப்பட்டில் பாதி அவருடையது. கணிதமேதை ராமானுஜன் 1920-ல் கடைசி நாட்களைக் கழித்ததும் அவர் வீட்டில்தான். ஆனால் அந்தப் படியோடு கதை நின்றுவிடும். அதற்குக் கீழே ஒருத்தர் இருந்தார். செட்டியார் சொன்னார் என்பதற்காக யாரும் சாரத்தில் ஏறவில்லை, இர்வின் துரை வரைந்தார் என்பதற்காகவும் ஏறவில்லை. மேஸ்திரி சொன்னார், ஏறினார்கள்.

நான் ஒரு மேஸ்திரியின் மகன். அப்பா 1950-களில் வந்தவாசிப் பக்கத்திலிருந்து மயிலாப்பூருக்கு வந்தார். சித்தப்பா, தாய்மாமன், பங்காளி, பக்கத்து ஊர்க்காரர் என்று ஒரு கூட்டமே அவர் பின்னால் வந்தது. நான் டிப்ளமா படித்து, தி.நகரிலும் அடையாறிலும் ஃபிளாட் வேலைகளில் சூப்பர்வைசராக இருந்து, கடைசியில் ஒரு பெரிய கம்பெனியில் சேஃப்டி பார்த்து ஓய்வு பெற்றேன். இப்போது மந்தைவெளியில் திண்ணை இல்லாத ஒரு ஃபிளாட்டில் உட்கார்ந்துகொண்டு, இந்த ஊரில் கட்டட வேலையின் பாதுகாப்பு என்பது நூறு வருஷமாக யார் கையில் இருந்தது, சட்டம் அதை யார் கையில் தேடியது என்று யோசித்தபடி இருக்கிறேன். இரண்டும் ஒரே கை இல்லை. சொல்ல வந்தது இதைத்தான்.

மேஸ்திரி என்ன செய்வார் என்பதை வெளியாட்களுக்குச் சொல்வது கஷ்டம். ஊரிலிருந்து ஆள் கூட்டி வருவார். தங்க இடம் பார்த்துத் தருவார். வீட்டுக்காரரிடம் சதுர அடிக் கணக்கில் ரேட் பேசுவார். கொத்தனார் யார், பெரியாள் யார், சித்தாள் யார் என்று பிரிப்பார். சனிக்கிழமை சாயங்காலம் கூலி கொடுப்பார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அட்வான்ஸ் கொடுத்து அதை அடுத்த வருஷம் முழுக்கக் கழிப்பார். பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் முதல் மொய் அவருடையது. அடிபட்டால் ரிக்‌ஷா வைத்து ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார். இத்தனையையும் செய்கிற ஆள் "ஏறு" என்றால் ஏறாமல் இருக்க முடியுமா? பெரிய கம்பெனிகள் இன்றைக்குத் தலைமைப் பண்பு என்று வகுப்பெடுக்கிறார்களே, அந்த அதிகாரம் முழுவதும் எழுத்தில்லாமல் அப்பாவின் சட்டைப் பையில் ஒரு நாற்பது பக்க நோட்டில் இருந்தது.

பழைய மயிலாப்பூர் வீடுகளைக் கட்டிய காலத்தில் ஆபத்து உயரத்தில் குறைவு, சுண்ணாம்பில் அதிகம். மெட்ராஸ் டெரஸ் போடுவதைப் பார்த்தவர்கள் இப்போது அருகிவிட்டார்கள். தேக்கு உத்திரத்துக்கு மேல் குறுக்குக் கட்டைகளை நெருக்கமாக வைத்து, அவற்றின்மேல் மெல்லிய அச்சுக்கல்லைச் சாய்வாட்டத்தில் செங்குத்தாக நிறுத்தி, சுண்ணாம்புக் கலவையால் பிடிப்பார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். ஒருத்தி பாட்டெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் பின்பாட்டு. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத் தட்ட, கட்டை துள்ளி எழும்பும் அளவுக்குத் தளம் இறுகிய பிறகுதான் மேஸ்திரி "போதும்" என்பார். மேலே தட்டோடு பதிப்பது அதற்கப்புறம்.

அந்தப் பெண்களின் கைகளை யாரும் எழுதவில்லை. சுண்ணாம்பு விரலிடுக்கைத் தின்றுவிடும். காலையில் தேங்காய் எண்ணெயைக் கையிலும் காலிலும் அப்பிக்கொண்டுதான் உட்காருவார்கள். நீற்றாத சுண்ணாம்புக் கட்டி கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. அப்பாவின் சைட்டில் ஒரு குடம் நல்ல தண்ணீர் தனியாக மூடியே இருக்கும்; குடிக்க எடுத்தால் திட்டுவார், அது கண்ணுக்கு. இந்த ஒழுங்கை அவருக்கு எந்தச் சர்க்கார் சுற்றறிக்கையும் சொல்லவில்லை. அவருக்கு வேலை கற்றுக்கொடுத்த பெரிய மேஸ்திரிக்கு ஒரு கண் கிடையாது. அவ்வளவுதான் பாடம்.

1923-ம் வருஷத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அந்த வருஷம் மே 1-ம் தேதி சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். அதே வருஷம் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் நிறைவேறியது. 1924 ஜூலையில் அமலுக்கு வந்தது. அதே சமயத்தில்தான் நீதிக்கட்சி அரசு 1920-ம் ஆண்டின் நகரமைப்புச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மயிலாப்பூரிலிருந்து நுங்கம்பாக்கம் வரை நீண்டு கிடந்த பெரிய ஏரியை வடித்து, சர் பிட்டி தியாகராயர் பெயரில் ஒரு நகரை அமைக்க ஆரம்பித்தது. மேற்கு மாம்பலத்தில் இன்றும் லேக் வியூ ரோடு இருக்கிறது. லேக் எங்கே என்று ஆட்டோக்காரரைக் கேட்டால் சிரிப்பார்.

ஏரியைத் தூர்த்தவர்கள் யார்? மண்வேலைக்கென்றே ஊர் ஊராகப் போன ஒட்டர்களும், வட ஆற்காடு, தென் ஆற்காடு மாவட்டங்களிலிருந்து பஞ்சம் பிழைக்க வந்தவர்களும்தான் அந்தக் காலத்தில் இந்த ஊரின் மண்வேலைக்காரர்கள். பனகல் பார்க்குக்குப் பனகல் ராஜாவின் பெயர், உஸ்மான் ரோட்டுக்கு முகமது உஸ்மான் பெயர், பாண்டி பஜாருக்குச் சௌந்தரபாண்டியனார் பெயர். தலைவர்கள் பெயரைத் தெருவுக்கு வைத்ததில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. ஆனால் தொழிலாளர் தினம், இழப்பீட்டுச் சட்டம், தி.நகர் மூன்றும் ஒரே நேரத்தில் பிறந்து, முதல் இரண்டும் மூன்றாவதின் மண்ணைச் சுமந்தவர்களைத் தொடவே இல்லை என்பதை யாராவது சொல்லத்தானே வேண்டும்.

மில் தொழிலாளிக்கு முன்னதாகவே சங்கம் வந்துவிட்டது. அடையாறு பிரம்மஞான சபையைச் சேர்ந்த பி.பி.வாடியா பெரம்பூருக்குப் போய் 1918 ஏப்ரலில் மெட்ராஸ் லேபர் யூனியனைத் தொடங்க உதவினார். அடையாற்றுக்காரர் பெரம்பூர் வரை போனார். அடையாற்றில் வீடு கட்டிக்கொண்டிருந்த சித்தாளிடம் யாரும் போகவில்லை. வாடியாவைக் குறை சொல்லவில்லை. மில் என்றால் ஒரு கேட் இருக்கிறது, சங்கு ஊதினால் ஆயிரம் பேர் ஒன்றாக வெளியே வருவார்கள், கேட்டில் நின்று பேசலாம். கட்டட வேலைக்குக் கேட் கிடையாது. இந்த மாதம் லஸ், அடுத்த மாதம் கோட்டூர்புரம். எட்டுப் பேர், பத்துப் பேர். எல்லாரும் ஒரே மேஸ்திரிக்குக் கடன்காரர்கள். முதலாளி யார் என்று கேட்டால், "மேஸ்திரிதான்" என்பார்கள். மேஸ்திரியைக் கேட்டால், "நானும் கூலிதான் சார்" என்பார். இரண்டும் உண்மை.

சாரத்துக்கு வருவோம். என் தொழிலில் நான் மிகவும் மதித்த வேலை அதுதான். சவுக்குக் கழி, நார்க் கயிறு, பலகை. வேறொன்றும் இல்லை. சவுக்கே இந்தக் கடற்கரைக்கு வந்தேறிய மரம். 19-ம் நூற்றாண்டில் ரயில் எஞ்சினுக்கு விறகாக நட்டார்கள். நிலக்கரி வந்த பிறகு ரயில் அதைக் கைவிட்டது, கட்டட வேலை பிடித்துக்கொண்டது. கபாலீசுவரர் கோயில் ராஜகோபுரம் 1906-ல் கட்டியது, சுமார் 120 அடி. 2016 கும்பாபிஷேகத்துக்கு முன்னால் அதைச் சுற்றிச் சாரம் கட்டியபோது, தெற்கு மாட வீதியில் நின்று நான் கோபுரத்தைப் பார்க்கவில்லை, கட்டுகளைப் பார்த்தேன். நட்டுக் கழி, படுக்கைக் கழி, குறுக்கே சாய்த்துப் போடும் கழி. இந்தச் சாய்வுக் கழியைத்தான் சோம்பேறி மேஸ்திரி முதலில் விட்டுவிடுவான். அது இல்லாவிட்டாலும் சாரம் நிற்கும். காற்றடிக்கும் வரை நிற்கும்.

வீட்டு வேலையில் சாரத்தின் உள்முனை சுவரிலேயே செருகப்படும். செங்கல் வரிசையில் ஒரு கல்லை விட்டு ஓட்டை வைப்பார்கள், பூசும்போது அடைப்பார்கள். மயிலாப்பூர் சந்துகளில் பூசாத பின்சுவர்களில் அந்தச் சதுர ஓட்டைகளை இன்றும் பார்க்கலாம், புறா குடியிருக்கும். சுவர் பச்சையாக இருக்கும்போது அதில் செருகிய கழிமேல் இரண்டு பேரும் கலவைச் சட்டியும் நிற்பது எத்தனை பெரிய நம்பிக்கை என்று யோசித்துப் பாருங்கள். அப்பா திங்கள்கிழமை காலையில் யாரையும் வேலை தொடங்க விடமாட்டார். வாரம் முழுக்க வெயிலில் காய்ந்த கயிறு தளர்ந்திருக்கும். கீழிருந்து மேலே ஒவ்வொரு கட்டாக இழுத்துப் பார்த்து, சந்தேகம் வந்ததை அவிழ்த்து மறுபடி கட்டச் சொல்வார். கொத்தனார்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு காத்திருப்பார்கள். அரை நாள் போனாலும் கூலியைக் குறைக்கமாட்டார். பின்னாளில் நான் பெரிய சைட்டில் பச்சைச் சீட்டு, சிவப்புச் சீட்டு மாட்டி சாரத்தைப் பரிசோதித்தபோது செய்ததும் இதேதான். வித்தியாசம், எனக்கு அதற்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

எல்லா மேஸ்திரியும் அப்படி இல்லை. அப்பாவும் எல்லா விஷயத்திலும் அப்படி இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

கான்கிரீட் வந்ததும் ஆபத்தின் முகம் மாறியது. 1959-ல் மவுண்ட் ரோடில் எல்.ஐ.சி. கட்டடம் திறந்தார்கள், அதுதான் அன்றைக்கு நாட்டிலேயே உயரமான கட்டடம். அதே வருஷ ஜனவரியில் மெரினாவில் ராய் சௌத்ரி செய்த உழைப்பாளர் சிலையும் வந்தது. நான்கு ஆண்கள் பாறையை நெம்புகிறார்கள். சித்தாள் இல்லை. தலையில் சும்மாடு வைத்துச் சட்டி தூக்கும் சித்தாளைக் கழித்துவிட்டால் இந்த ஊரில் ஒரு தளமும் மேலே போயிருக்காது. ராய் சௌத்ரிக்கு அந்தப் பக்கம் பார்வை போகவில்லை போலிருக்கிறது.

1970-களில் தி.நகரிலும் மயிலாப்பூரிலும் பெரிய வீடுகளை இடித்து ஃபிளாட் கட்ட ஆரம்பித்தார்கள். மூன்று மாடி, நான்கு மாடி. தளம் போடும் நாள் திருவிழா மாதிரி. விடிகாலையில் எலுமிச்சம்பழம் நசுக்கிச் சூடம் காட்டுவார்கள். கான்கிரீட் செட்டுக்கென்று தனி மேஸ்திரி, தனிக் கூட்டம். மிக்சர் சுற்ற ஆரம்பித்தால் தளம் முடிகிற வரை நிற்கக்கூடாது. நின்றால் ஜாயின்ட் விழும், ஒழுகும். சாரத்தில் படி படியாக ஆள் நின்று சட்டி கை மாறி மேலே போகும். காலிச் சட்டி கீழே விழும். பிடிக்கிறவன் ஒரு நொடி திரும்பினால் தலை போச்சு. மதியம் பிரியாணி. சாயங்காலம் வீட்டுக்காரர் எல்லாருக்கும் ஆளுக்கு இவ்வளவு என்று கையில் வைப்பார். யாரும் தலைக்கவசம் போட்டு நான் பார்த்ததில்லை, சும்மாடுதான் கவசம்.

அந்த நாளில் எல்லாரும் மேலே பார்ப்பார்கள். கீழே பார்க்க வேண்டும். கான்கிரீட்டின் எடை முழுக்கச் சென்ட்ரிங் முட்டுகளில் நிற்கிறது. சவுக்கு முட்டு நேற்று மழை பெய்த மண்ணில் நின்றால் இறங்கும். நீளம் போதாமல் அடியில் இரண்டு செங்கல் வைத்திருந்தால் செங்கல் நசுங்கும். ஆப்பு அதிர்வில் தளரும். ஒரு முட்டு விட்டால் அதன் பாரம் பக்கத்து முட்டுக்குப் போகும். அது தாங்காவிட்டால் தளம் மொத்தமும் சீட்டுக்கட்டு மாதிரி உட்காரும். அதனால் விவரமான மேஸ்திரி தளம் போடும்போது கீழே சுத்தியலோடு ஒரே ஒரு ஆளை நிறுத்துவார். அவன் வேலை முட்டைத் தட்டிப் பார்ப்பது, சத்தம் மாறினால் கூச்சல் போடுவது. அவன் வேறு எதையும் செய்யக்கூடாது. வீட்டுக்காரர்களுக்கு அவன்மேல்தான் கண்: "அந்த ஆளுக்கு எதுக்குக் கூலி? சும்மா நிக்கிறானே!"

முட்டு பிரிக்கும் அவசரம் இன்னொரு எமன். நாலரை மீட்டருக்கு உட்பட்ட தளத்துக்கு ஏழு நாள், அதற்கு மேல் பதினான்கு நாள் முட்டு இருக்க வேண்டும் என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 சொல்கிறது. பெரிய பீம் என்றால் இருபத்தொன்று. ஆனால் சென்ட்ரிங் பலகை வாடகைக்கு வந்தது. ஒரு நாள் முன்னால் பிரித்தால் ஒரு நாள் வாடகை மிச்சம். இந்த ஊரின் பல சாவுகளுக்குப் பின்னால் விதி என்று எதுவும் இல்லை, பலகை வாடகைதான் இருக்கிறது.

இனி அப்பா விஷயம். 1983-ல் தி.நகரில் ஒரு ஃபிளாட் வேலை. இரண்டாவது மாடிப் படியில் கைப்பிடி கட்டியிருக்கவில்லை. சட்டியோடு திரும்பிய ஒரு சித்தாள் விழுந்தாள். உயிர் தப்பியது, இடுப்பு போயிற்று. அன்று ராத்திரி எங்கள் வீட்டுக் கூடத்தில் பஞ்சாயத்து. கட்டுகிறவர் தரப்பு ஆள், அந்தப் பெண்ணின் அண்ணன், நடுவில் அப்பா. ஒரு தொகை பேசினார்கள். "போலீஸு, கேஸுன்னு போனா ஒண்ணும் வராது தம்பி, வேலையும் நின்னுடும், பத்துக் குடும்பம் பட்டினி" என்று அப்பா சொன்னது என் காதில் இருக்கிறது. அண்ணன் தலையாட்டினான். வேறென்ன செய்வான், அவனும் அப்பாவிடம் அட்வான்ஸ் வாங்கியவன். அந்தப் பெண் மறுபடி வேலைக்கு வரவில்லை. இழப்பீட்டுச் சட்டத்துக்கு அப்போது அறுபது வயது ஆகியிருந்தது.

அப்பா கல்நெஞ்சர் இல்லை. சட்டப்படி போனால் முதலில் மாட்டுவது அவர்தான் என்பது அவருக்குத் தெரியும். ஆளைக் கூட்டி வந்தவர், கூலி கொடுத்தவர், எனவே காண்ட்ராக்டர், எனவே முதலாளி. கட்டுகிறவர் "வேலையை மேஸ்திரிக்கு விட்டுவிட்டேன்" என்று கை கழுவப் பார்ப்பார். மேஸ்திரியிடம் இழப்பீடு கொடுக்கப் பணம் ஏது? ஆக, சாரத்தை இறுக்கிக் கட்டுகிற அதே கை, விபத்து நடந்தால் வாயையும் கட்டிவிடும். மேஸ்திரி முறையின் நல்லதும் கெட்டதும் ஒரே இடத்தில் இருப்பது இதனால்தான்.

இந்த முடிச்சைத் தொட்டவர்கள் அதற்கு முன்பே, 1979-ல் வந்திருந்தார்கள். தமிழ் மாநிலக் கட்டடத் தொழிலாளர் சங்கம் அந்த வருஷம் தொடங்கியது. ஆர்.கீதா, சுப்பு போன்றவர்கள் கேட் இல்லாத தொழிலில் சங்கம் கட்ட முடியும் என்று காட்டினார்கள். விடியற்காலையில் ஆள் எடுக்கும் தெருமுனைகளையே கேட்டாக வைத்துக்கொண்டார்கள். அவர்கள் கேட்டது கூலி உயர்வு மட்டும் இல்லை. நிரந்தர முதலாளி இல்லாத தொழிலாளிக்குக் கட்டடமே முதலாளி. கட்டடச் செலவில் ஒரு சிறு பங்கை ஒரு வாரியத்துக்கு வசூலித்து, விபத்து, மகப்பேறு, ஓய்வூதியம் எல்லாவற்றையும் வாரியம் கொடுக்கட்டும் என்றார்கள். எனக்குத் தெரிந்து இந்தத் தொழிலில் உதித்த மிக நல்ல யோசனை இதுதான்.

1982-ல் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது. வாரியம் வரப் பன்னிரண்டு வருஷம் ஆனது. 1994-ல்தான் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைந்தது. பிளான் அப்ரூவலுக்குப் போகும்போதே கட்டட மதிப்பில் 0.3 சதவீதம் பிடித்தார்கள், பின்னால் அது 1 சதவீதம் ஆயிற்று. இதற்கிடையில் 1985-ல் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் தலைமையில் தேசியப் பிரசாரக் குழு ஒன்று உருவாகி, நாடு முழுக்கச் சட்டம் வேண்டும் என்று டெல்லிக் கதவைத் தட்டியது. கதவு திறந்தது 1996-ல்.

1996 சட்டம் நல்ல சட்டம். படித்தவர்களுக்குத் தெரியும். ஐந்நூறு பேராவது வேலை செய்தால் பாதுகாப்புக் குழு, பாதுகாப்பு அதிகாரி. ஐம்பது பெண்களுக்கு மேல் இருந்தால் குழந்தைகள் காப்பிடம். இந்த அதிகாரி வேலைதான் எனக்குக் கடைசியில் சோறு போட்டது, எனவே நன்றி. ஆனால் எண்களைக் கவனியுங்கள். சட்டம் பத்துப் பேராவது வேலை செய்யும் இடத்தில்தான் தொடங்கியது. பத்து லட்சத்துக்குள் தன் வீட்டைத் தானே கட்டிக்கொள்கிறவருக்கு விலக்கு இருந்தது. மயிலாப்பூர்ச் சந்துகளில் எந்த மேஸ்திரியிடமும் காகிதத்தில் பத்துப் பேர் இருந்ததே இல்லை. எட்டு, ஒன்பது, அதற்கு மேல் எண்ணத் தெரியாது.

இன்னொரு வரி இருந்தது. மேற்பார்வை வேலை பார்த்து மாதம் 1,600 ரூபாய்க்கு மேல் வாங்குகிறவர் கட்டடத் தொழிலாளி கிடையாது என்றது சட்டம். மேஸ்திரி அந்த வரியில் வெளியே விழுந்தார். தொழிலாளியாகவும் சேர்க்கவில்லை, முதலாளி என்றால் அதற்குரிய பணமும் பயிற்சியும் இல்லை. சாரத்தில் யார் ஏற வேண்டும், எப்போது இறங்க வேண்டும் என்று முடிவெடுக்கிற ஒரே ஆளுக்குச் சட்டத்தில் நாற்காலி போடவில்லை. பிளானில் கையெழுத்திட இன்ஜினீயருக்கு லைசென்ஸ் உண்டு, வயர் இழுக்க எலெக்ட்ரீஷியனுக்கு உண்டு. இருபது உயிரை ஏற்றி இறக்குகிற மேஸ்திரிக்கு என்ன உண்டு?

பிறகு ஆள் மாறியது. 2000-க்குப் பின் வந்தவாசி, செய்யாறு ஆட்களின் பிள்ளைகள் ஷேர் ஆட்டோ ஓட்டவும் கம்பெனி வேலைக்கும் போனார்கள். நியாயம்தான், நானே அப்படி வெளியேறியவன். ஒடிசா, பீகார், வங்காளம், ஆந்திராவின் வட மாவட்டங்கள் என்று ஆள் வந்தார்கள். மேஸ்திரி இடத்தில் ஏஜென்ட் வந்தார். ஏஜென்ட் ஆளை இறக்கிவிட்டுப் போய்விடுவார்; திங்கள்கிழமை கயிறை இழுத்துப் பார்க்கமாட்டார். மேலிருந்து கம்பி நழுவினால் "ஏய், தள்ளு!" என்று தமிழில் கத்துவோம். கீழே இருப்பவன் என்ன சத்தம் என்று தலையைத் தூக்கிப் பார்ப்பான். எங்கள் சைட்டில் எச்சரிக்கைக்குப் பேச்சையே விட்டுவிட்டு விசில் வைத்தோம். ஒரு விசில் நில், இரண்டு விசில் ஓடு.

2014 ஜூன் 28, சனிக்கிழமை. போரூர் ஏரிப் பக்கம் மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் மழையில் அப்படியே உட்கார்ந்தது. 61 பேர் இறந்தார்கள். அரக்கோணத்திலிருந்து பேரிடர் மீட்புப் படை வந்து தோண்டி 27 பேரை உயிரோடு எடுத்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் ஆந்திரா, ஒடிசா ஆட்கள், உள்ளூர்க்காரர்களும் உண்டு. உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள் என்பதே முதல் இரண்டு நாள் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. என்னைக் கேட்டால் அந்த விபத்தின் மிகப் பெரிய குற்றச்சாட்டு அதுதான். பழைய மேஸ்திரிக்கு ஆயிரம் குறை சொல்லலாம். தன் ஆள் எத்தனை பேர், யார் மகன், எந்த மாடியில் நிற்கிறான் என்று அவருக்குத் தெரியும். நீதிபதி ரகுபதி தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தார்கள். பக்கத்தில் நின்ற இரண்டாவது கட்டடத்தை 2016 நவம்பர் 2-ம் தேதி வெடி வைத்துத் தகர்த்தார்கள். டி.வி.யில் நேரலை. ஊரே பார்த்தது.

வாரியப் பணம் என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2018-ல் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்கக் கணக்குப் பார்த்தது. வசூலான வரி 37,400 கோடி ரூபாய்க்கு மேல். தொழிலாளிக்காகச் செலவானது 9,500 கோடி அளவில். சில இடங்களில் அந்தப் பணத்தில் லேப்டாப்பும் வாஷிங் மெஷினும் வாங்கிய கதையையும் தீர்ப்பு பேசியது. 1996-க்கு முன்பே வாரியம் கண்ட தமிழ்நாடு கொடுப்பதில் மற்ற பல மாநிலங்களைவிட மேல். பாதுகாப்பில் மேல் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 1996 சட்டத்தையும் தன்னுள் இழுத்துக்கொண்டது. சொந்த வீட்டுக்கான விலக்கு வரம்பு பத்து லட்சத்திலிருந்து ஐம்பது லட்சமாகிவிட்டது.

இன்றைக்குத் தென்சென்னையில் இரண்டு விதமான கட்டட வேலை பக்கத்தில் பக்கத்தில் நடக்கிறது. பனகல் பார்க்கிலும் திருமயிலையிலும் மெட்ரோவுக்காகப் பூமிக்கடியில் போகிறார்கள். திருமயிலை நிலையம் கிட்டத்தட்ட 35 மீட்டர் ஆழம். காலையில் வேலைக்கு முன்னால் பத்து நிமிஷம் எல்லாரையும் நிற்க வைத்து இன்றைக்கு என்ன ஆபத்து என்று பேசுகிறார்கள். உள்ளே போகிறவர் பெயர் பலகையில் ஏறும், வெளியே வந்தால் இறங்கும். பெரிய வேலையிலும் விபத்து நடக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கணக்கு இருக்கிறது, கேட்க ஆள் இருக்கிறது.

நாலு தெரு தள்ளி வாருங்கள். 1970, 80-களில் நாங்கள் கட்டிய ஃபிளாட்டுகளையே இப்போது இடித்துக் கட்டுகிறார்கள். 2019 விதிகளில் தளப்பரப்புக் குறியீட்டை 1.5-லிருந்து 2 ஆக்கினார்கள். 2022 சட்டம் மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர் சம்மதம் போதும் என்றது. மூன்று மாடி ஐந்து மாடியாகிறது. இடிப்பு வேலைதான் இன்று மிக மோசம். தளத்தின் மேலேயே நின்று அதே தளத்தை உடைக்கிறார்கள். சம்ப்புக்கும் அஸ்திவாரத்துக்கும் தோண்டும்போது மண் சரிகிறது. மயிலாப்பூரிலும் அடையாறிலும் மணல், தி.நகரில் பழைய ஏரியின் களிமண். ஓர் ஆள் உயரத்துக்கு மேல் தோண்டினால் பக்கத்துக்குப் பலகை முட்டுக் கொடுக்க வேண்டும். யார் கொடுக்கிறார்கள்? சன்னல் உயரத்தில் போகிற மின்கம்பியில், மாடிக்கு ஏற்றும் கம்பி உரசுகிறது. எல்லாம் தடுக்க முடிந்த சாவு.

நான் கேட்பது ஒன்றுதான். மேஸ்திரிக்கு லைசென்ஸ் கொடுங்கள். வாரியத்தில் சும்மா கிடக்கும் பணத்தில் அவருக்கு ஒரு மாதப் பயிற்சி கொடுங்கள், அந்த மாதக் கூலியையும் கொடுங்கள். சாரம், முட்டு, குழி, மின்சாரம், இந்த நான்கு போதும். சித்தாளாகவே இருபது வருஷம் வைத்திருக்கிற பெண்களுக்கும் அந்தப் பயிற்சியில் இடம் கொடுங்கள்; பெண் மேஸ்திரி ஒருத்தி சைட்டில் நின்றால் கைப்பிடி கட்டாத படி ஒன்றுகூட இருக்காது. பிளான் அப்ரூவலில் இன்ஜினீயர் கையெழுத்துக்குப் பக்கத்தில் மேஸ்திரி கையெழுத்தும் இருக்கட்டும். விபத்துப் பொறுப்பைக் கட்டுகிறவர் தலையில் வையுங்கள். அப்போது மேஸ்திரி ராத்திரிப் பஞ்சாயத்து பேச வேண்டியதில்லை.

அரசு செய்கிறபோது செய்யட்டும். வீட்டை இடித்துக் கட்டப்போகிறவர்கள், வெள்ளையடிக்கப்போகிறவர்கள் நீங்கள் இருக்கிறீர்கள். மேஸ்திரியிடம் ரேட் பேசும்போது சாரம், பெல்ட், தலைக்கவசம், குழிக்கு முட்டு ஆகியவற்றுக்கென்று தனியாக ஒரு தொகையை எழுதிக்கொள்ளுங்கள். அதில் பேரம் பேசாதீர்கள். வேலைக்கு வருகிறவர்களிடம் நல வாரிய அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால், உங்கள் வீட்டில் வேலை செய்கிறார் என்று எழுதிக் கொடுத்துப் பதிவு செய்ய வையுங்கள். தளம் போடும் நாளில் கீழே சுத்தியலோடு ஒருவர் சும்மா நின்றால், அவர் கூலியில் கை வைக்காதீர்கள்.